நாற்பத்தொன்றாம் எண்

பனிக்கட்டி ஐம்பது சென்டிமீட்டர்.
அதன்மேல் வெண்பனி, முழங்கால் உயரம்.
அடியில் வெளிச்சமில்லை; பாசி உழைக்காது.
சேறுதான் மெல்ல மெல்ல
மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுதீர்க்கும்.
ரோச் மீன் முதலில் சாகும், அப்புறம் பெர்ச்.
பிப்ரவரிக்குள் குட்டை காலி.

காலி இல்லை.
சேற்றை ஒட்டி ரூத்தனா கிடக்கும்.
பித்தளை நிறம், உள்ளங்கை அகலம்,
குவோப்பியோ சந்தையில் யாரும் விலை கேட்காத மீன்.
அதோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

காற்று நின்றால் எல்லோர் உடம்பும் புளிக்கும்.
அமிலம் ஏறும், தசை மரக்கும், கதை முடியும்.
இது மட்டும் அந்தப் புளிப்பைச் சாராயமாக்கிச்
செவுள் வழியே கசியவிடும்.
‘உங்கள் மீன் குடிகாரனா, ஹில்க்கா?’
ஒவ்வொரு விருந்திலும் ஒருவர் கேட்பார்.
ஒவ்வொரு முறையும் சிரித்தேன்.
அதுவும் சம்பளத்தில் சேர்த்தி.

ஆய்வின் பயன் என்ன?
படிவத்தில் நான்கு வரி இடம்.
மாரடைப்பு என்று எழுதினேன். பக்கவாதம் என்று எழுதினேன்.
பொய்யில்லை. உண்மையும் அதுவல்ல.
இது எப்படி இன்னும் இருக்கிறது
என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.
அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

வினிபெக்கில் லாக்லன் ஆமை பார்த்தான்.
ஆமை குளிருக்கு விளக்கை அணைத்துவிடும்;
நிமிடத்துக்கு ஒரு துடிப்புகூட இராது.
ரூத்தனா திரியைத் தாழ்த்தும், அணைக்காது;
இதயத்தை வழக்கம்போல் ஓடவிட்டுக்
கண்ணைக் கைகழுவும்.
இரண்டு கோடைகள் ஒரே படுக்கையில் தூங்கி
ஒரே அட்டவணையில் விழித்தோம்.
பிறகு அவன் ஆமை வழி போனான்:
கடிதமில்லை, போனில்லை, சண்டைகூட இல்லை.
நான் மீன் வழி. தினம் வேலைக்குப் போனேன்.
அந்தக் குளிர்காலம் என்ன நிறமென்று கேட்டால் தெரியாது.

ஒப்பீடு என்றால் இதுவும்தான்
என்று வகுப்பில் சொன்னதில்லை.
வகுப்பில் சொன்னது:
உடல் எடையால் வகுக்காமல்
எதையும் எதோடும் ஒப்பிடாதே.

நாற்பத்தொன்றாம் எண் பற்றிச் சொல்லவேண்டும்.
மற்றவை நூறு நாளுக்குள் கவிழ்ந்தன.
அது நூற்றுப் பதினாறாம் நாளும்
நைட்ரஜன் குமிழியிடும் தொட்டியில்
துடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றது.
வில்ஹோ, எங்கள் ஆய்வக உதவியாளன்,
ஒரு ராத்திரி மூடியில் பென்சிலால்
‘நாளையும் வா’ என்று எழுதிவைத்தான்.
அழிக்கச் சொன்னேன். அழித்தான். தடம் தெரிந்தது.

ஈரலில் மிச்சம் எவ்வளவு என்று தெரிய
ஈரல் வேண்டும்.
வேறு வழி அந்நாளில் இல்லை.
இந்நாளிலும் இல்லை.

நான்தான் வெட்டினேன்.
கிண்ணத்தில் இதயம் தனியே துடித்தது.
வில்ஹோ கடிகாரத்தை அழுத்தவில்லை.
அழுத்து என்றேன்.
எவ்வளவு நேரம் என்பது ஏட்டில் இருக்கிறது,
என் வாயால் சொல்லமாட்டேன்.
கட்டுரையின் மூன்றாம் படத்தில்
வலது ஓரமாய், கோட்டுக்கு வெளியே,
ஒற்றைக் கறுப்புப் புள்ளி அது.
மதிப்பீட்டாளர் நீக்கிவிடலாமே என்றார்.
ஏழு பக்கம் பதில் எழுதினேன்.
அத்தனை நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை.

மீன் அறையை மூடிவிட்டார்கள்.
இப்போது அங்கே சைக்கிள் நிற்கிறது.
விடைபெறும் விழாவில் கேக் மேல்
சர்க்கரையில் ஒரு மீன் செய்திருந்தார்கள்,
கெண்டை மாதிரி மீசை வைத்து.
ரூத்தனாவுக்கு மீசை கிடையாது.
சொல்லவில்லை. ஒரு துண்டு தின்றேன்.

நேற்று குட்டைக்குப் போனேன்.
துளையிட அரைமணி ஆயிற்று; தோள் பழசு.
கம்பியை இறக்கி, குப்புறப் படுத்துக்
கண்ணைத் துளையில் வைத்துப் பார்த்தேன்.
கறுப்பு. அழுகிய முட்டை வாசம்.
கீழிருந்து அதுவும் என்னைப் பார்க்காது,
அதன் கண் இப்போது கடையடைப்பு.

கருவி பல்கலைக்கழகத்துடையது,
திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும்.
முள் இறங்கி இறங்கி நின்றது.
நோட்டு கொண்டுபோகவில்லை.
கையுறை மேல் எழுதிக்கொண்டேன்:
மார்ச் ஒன்பது, ஒன்றரை மீட்டர், சுழியம்.