நடுவில் தூண் இல்லை

வரைபடத்தின் நட்டநடுவே
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார் தாட்சாயணி மேடம்.
“இங்கே ஒரு தூண் வந்தால்
ஒன்றேமுக்கால் லட்சம் மிச்சம்.”
ஜெயசீலன் பதில் பேசவில்லை.
மேசை மேல் கிடந்த தீப்பெட்டியை எடுத்தார்.
அதுதான் டெம்போ டிராவலர்.
பேனா மூடி, சின்ன வண்டி.
தீப்பெட்டியை உள்ளே விட்டு, ஒடித்து, பின்னால் வாங்கி,
மறுபடி ஒடித்தபோது
அதன் இடுப்பு புள்ளியில் இடித்தது.
“தூண் வேண்டாம்” என்றார்.

அப்படித்தான் நாங்கள்
வராத ஒரு தூணுக்காக
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம்.
கழிவு மட்டும் இருபத்தாறாயிரம்.
கணக்கு நோட்டில்
ஜல்லிக்கும் தகரத்துக்கும் நடுவே
என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது அந்த வரி:
இல்லாத தூண் – 1,75,000.

வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குள்
பகலில் கிரேன் நுழையாது.
இரவு பதினொன்றரைக்கு வந்தது.
எதிர்வீட்டு கேபிள் வயரை
துணி உலர்த்தும் கழியால் தூக்கிப் பிடித்தபடி
நைட்டிமேல் துண்டோடு நின்றேன்.
முப்பத்திரண்டடி இரும்பு உத்தரம்
தெருவிளக்கைத் தாண்டி
முருங்கைக் கொப்பை உரசி
மெல்ல ஏறியது,
யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல.
உச்சியில் முனாஃப்,
ஒரு கால் தூணில், ஒரு கால் காற்றில்.
“நாலு மில்லி இடிக்குதுண்ணே, போல்ட் போகல.”
நாலு மில்லி.
ஒரு அரிசி நீளம்கூட இல்லை.
அதற்காக இரண்டரை மணி வரை
சம்மட்டி.
காலையில் தெருவில் ஒருவரும்
எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சுவர் எழும்பாமல் பதினோரு நாள் நின்றது வீடு.
ரெட் ஆக்சைடு பூசிய ஆறு கால்கள்,
மேலே ஒரு வெற்றுத் தளம்.
பிள்ளைகள் ஏணியில் ஏறி
சாக்பீஸால் அறைகள் போட்டார்கள்.
இது சமையல்கட்டு. இது எங்க ரூம்.
கக்கூஸ் எங்கேடி என்றேன்.
சின்னவள் யோசித்து
அண்ணன் அறையில் ஒரு மூலையை வெட்டிக் கொடுத்தாள்.

“மேலே நடந்தால் அதிருமா மேடம்?”
“அதிரும். உடையாது.”
கல்யாணத்துக்கு முன்னால்
இதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

அதிரத்தான் செய்கிறது.
உத்தரத்தின் நடு, சரியாக
எங்கள் கட்டிலுக்குக் கீழே.
திருப்பதி ட்ரிப் முடிந்து
அகாலத்தில் வண்டி வந்தால்
ஹாரன் வேண்டாம், போன் வேண்டாம்.
ஷட்டர் ஏறும்போதே முதுகுக்குத் தெரிந்துவிடும்.
ஒரே இழுப்பு என்றால் டிரைவர் லூர்து.
பாதியில் நின்று
மூச்சு வாங்கி மீதி ஏறினால்
இவர்.

நவம்பரில் மழை எச்சரிக்கை வந்ததும்
ஊரோடு ஊராக
இரண்டு வண்டியையும் மேம்பாலத்தில் ஏற்றிவிட்டு
அங்கேயே படுத்துக்கொண்டார்.
கீழே வெறும் இடம்.
“ஷட்டர இறக்காதீங்கக்கா,
தடுத்தாத்தான் தள்ளும்” என்று
போனில் சொன்னான் முனாஃப்.

மூன்று மணி இருக்கும், வந்தது.
மாடிப்படியில் நின்று டார்ச் அடித்தேன்.
ஒரு ஊதா பிளாஸ்டிக் குடம்,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
தென்னை மட்டை ஒன்று,
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு
வாசலில் நுழைந்து
வலப்பக்கம் ஒடித்து
நடுவில் எதிலும் படாமல்
நிதானமாக ஒரு முழுவட்டம் போட்டு
வந்த வழியே வெளியேறியது தண்ணீர்.
பிறகு திரும்ப வந்தது.
திரும்பப் போனது.

நான்காம் படி ஈரம்.
ஐந்தாம் படி காய்ந்திருந்தது.
அதில் உட்கார்ந்தேன்.
மேலே ஒரு பிள்ளை எழுந்து
தண்ணீர் குடிக்க நடந்தது
என் உள்ளங்காலில் கேட்டது.

மேம்பாலத்தில் தூங்குகிறவரை
போன் போட்டு எழுப்பினேன்.
“இடிக்காமத் திரும்பிடுச்சுங்க.”
சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டார்:
“எந்த வண்டி?”