மடியில் கனம்

மே மாதம். புவெனஸ் அயர்ஸில் அது இலையுதிர்காலம்.
ரெத்திரோ பேருந்து நிலையம், நாற்பதாம் நடைமேடை.
பாயியா பிளாங்கா வண்டி
ஒரு மணி நேரம் தாமதம் என்கிறது பலகை.

நெலிதா தூணோரம் உட்கார்ந்திருக்கிறாள்.
காலடியில் நாய்த்தீனிப் பை.
நாய் கிடையாது அவளுக்கு.
பைக்குள் துவாலை, துவாலைக்குள் ஸ்வெட்டர்,
ஸ்வெட்டருக்குள் மடிக்கணினி.
பையின் வார்
இடது கணுக்காலில் இரண்டு சுற்று.

உள்ளே நான்கு குளிர்காலங்கள்:
கழிமுகச் சேற்றில் முழங்கால் புதைய நின்று எண்ணிய
உள்ளான், ஆலா, கடற்காகம்.
நாள், நேரம், காற்றின் திசை, எச்சத்தில் கண்டது,
கடைசிக் கட்டத்தில் பார்த்தவர் பெயர்.
பிரதி எடுக்கணும், பிரதி எடுக்கணும் என்றே
இன்னும் எடுக்கவில்லை.

அறைத்தோழி யமிலாவுக்கு
இதே இடத்தில்தான் போயிற்று.
தோளில் எங்கிருந்தோ கடுகு சாஸ்.
"ஐயோ, பாருங்களேன்" என்று ஓடி வந்தாள் ஒருத்தி,
காகிதக் கைக்குட்டையும் கனிந்த குரலுமாக.
கறை போனது.
பையும்.
திரும்பாதே, குனியாதே,
முக்கியமாக, நன்றி சொல்லாதே
என்று சொல்லித்தான் அனுப்பினாள் இவளை.

மூத்திரம் முட்டுகிறது.
யாரிடம் சொல்வது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று?
நம்பத் தோன்றும் முகத்தையெல்லாம்
நம்ப முடியவில்லை.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம்:
இந்தப் பழமொழி அவள் மொழியில் கிடையாது.
கணுக்காலுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போது வந்தார் பழுப்புத் தொப்பிக்காரர்.
"செஞோரா, உங்கள் தோளில் ஏதோ."
கையில் காகிதக் கைக்குட்டை.

நெலிதா திரும்பவில்லை.
வாரை மூன்றாவது சுற்று சுற்றினாள்.
"போங்கள்" என்றாள், நாலு பேர் பார்க்கும்படி.
அவர் வாய் ஒருமுறை திறந்து மூடியது.
கைக்குட்டையை இருக்கையின் ஓரத்தில் வைத்து,
காற்று தூக்காதபடி
தன் பயணச்சீட்டு உறையை அதன்மேல் வைத்து,
பிறகு உறையை மட்டும் எடுத்துக்கொண்டு
நடந்தார்.
கைக்குட்டை பறந்துபோனது.

இரவு முழுக்கப் பம்பாஸ் சமவெளி, இருட்டு.
கணினி மடியில்.
பக்கத்து இருக்கைக்காரர் தூங்கினார், குறட்டையோடு.
அந்தக் குறட்டையையும் சந்தேகித்தாள்.

காலை. வீடு.
கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது
தோளில் காய்ந்த வெள்ளை,
நடுவே கரும்பச்சைப் புள்ளி.

ஒரு பார்வை போதும் அவளுக்கு.
புறா.
ரொட்டி தின்ற புறா.
கூரை உத்தரத்தில் உட்கார்ந்திருக்கும்.

முதலில் பிரதி எடுத்தாள். இரண்டு.
பிறகு அட்டவணையின் அடியில்
சம்பந்தமே இல்லாத ஒரு வரி சேர்த்தாள்.
இனம்: மாடப்புறா. எண்ணிக்கை: ஒன்று.
இடம்: ரெத்திரோ, நாற்பதாம் நடைமேடை.
காற்று: தெற்கிலிருந்து.
பார்த்தவர்:

நெலிதா என்று அடித்தாள். அழித்தாள்.

பழுப்புத் தொப்பி. பெயர் கேட்கவில்லை.