இவருக்குப் பதில் இவர்

குறிஞ்சிப்பாடி முகாமில் எங்கட அறை
பத்துக்குப் பத்து.
டி.வி.க்குள்ளே அவருக்குத் தேக்கு ஊஞ்சல்,
மாடி இரண்டு, கார் மூன்று,
சொல்லுக் கேட்காத தம்பி ஒருத்தன்.
பெரியய்யா என்றால் வீடே எழும்பி நிற்கும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பங்களாவுக்கு
பெயின்ட் அடிக்கப் போனவர்.
வரவேண்டிய நடிகர் வரவில்லையாம்.
ஏணியிலிருந்து இறக்கி
முகத்தில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்து
"மீசை நல்லாருக்கு, உயரமும் இருக்கு,
வாய மட்டும் தெறக்காதீங்க" என்றார்கள்.

பிறகு திறக்கச் சொன்னார்கள். திறந்தார்.
"சிலோன் வாடை அடிக்குதே சார்."
அதனால் வாய் இவருடையது.
குரல், வடபழனியில் கண்ணாடி அறைக்குள்
குளிர்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவருடையது.
இரும்புப் பெட்டி திறக்கிற மாதிரி.

நேசராசாவில் ராசாவை வெட்டி
நேசன் என்று போட்டார்கள்,
எழுத்துகள் ஓடி மறைகிற இடத்தில்,
சாப்பாடு கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் மேலே.

"உன்ர மனுசனுக்கு இந்தக் குரல்தான் வடிவு"
என்றாள் புஸ்பராணி அக்கா.
இரண்டு நாள் அவளோடு நான் கதைக்கவில்லை.

ஒருநாள் சின்னவனுக்குக் காய்ச்சல்.
சத்தத்தை அமத்திவிட்டுப் பார்த்தேன்.
மருமகளை நோக்கி விரல் நீட்டி
"இந்த வீட்டுல உனக்கு இடமில்ல, வெளிய போ"
என்கிற காட்சி. காலையிலிருந்து
விளம்பரத்தில் காட்டியதுதான்.
இவருடைய உதடு சொன்னது:
வெள்ளிக்கிழமை வாறன்.
அரிசி முடிஞ்சா கடனுக்கு வாங்கு.

மருமகள் கதறினாள். நான் சிரித்தேன்.
அந்த வெள்ளி போய் மூன்று கிழமை.
அரிசி வாங்கி, ஆக்கி, தின்றும் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மணியானால்
எங்கள் அறையில் சத்தம் இல்லை.
கூரைத் தகட்டுக்குத் தார் பூசவேணும்.
பெட்டையின்ர சீருடையைத் தைக்கக் குடு.
அவர் இதைப்பற்றிச் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.
ஒருநாள் மட்டும் அண்ணனின் பெயர்,
பேசாலையில் படகேறாமல் நின்றுவிட்டவர்.
எதிரே நின்ற நடிகை
அந்தப் பெயருக்குக் கைகூப்பி அழுதாள்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை கணக்கெடுப்பு.
ஆள் நேரில் நிற்கவேணும்.
ஆர்.ஐ. மேடமும் தொடர் பார்க்கிறவதான்,
பெரியய்யாவோடு படமும் எடுத்தவ.
"ஆனா சார், நேர்ல வந்துதான் கையெழுத்து.
போன தடவையும் வரல.
இந்தத் தடவையும் வரலன்னா பேரை எடுத்துருவாங்க."

காரைக்குடியில் கலியாணக் காட்சி அதே நாள்.
இருநூறு துணை நடிகர்கள், வாடகை யானை.
இரவோடு இரவாக பஸ் ஏறி,
விடிய வந்து வரிசையில் நின்றார்.
காதோரம் பவுடர் போகவில்லை.
"நேசராசா."
"இருக்கிறன்."

திங்கட்கிழமை.
அதே ஊஞ்சல், அதே சரிகை வேட்டி,
வேறொருவர்.
கீழே மஞ்சள் எழுத்தில்:
இனி இவருக்குப் பதில் இவர்.
குரல் மாறவில்லை.
அதே இரும்புப் பெட்டி.

புஸ்பராணி அக்கா ஒருமுறை சிரித்துவிட்டு
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.
இவர் கொஞ்ச நேரம் பார்த்திருந்து சொன்னார்:
"வேட்டி அவனுக்குக் கட்டையாக் கிடக்கு."
மறுநாள் காலை, பிரஷைக் கட்டி எடுத்துக்கொண்டு
நெய்வேலி பஸ் பிடித்தார்.

அன்றைக்கும் எட்டு மணிக்கு
பழக்கத்தில் சத்தத்தை அமத்தினேன்.
புதியவர் நல்ல நடிகர்.
வசனத்துக்கு மேலே ஒரு சொல் அசையவில்லை.
கிட்டப் போய் உட்கார்ந்தும் பார்த்தேன்.

"அரிசி இருக்கோ?"

சட்டென்று நான்
டி.வி.யைத்தான் பார்த்தேன்.
அவர் வாசலில் நின்றார்,
செருப்பைக் கழற்றிக்கொண்டு,
தலையெல்லாம் வெள்ளைப் பெயின்ட்.