மூக்குப்பொடிக் குழி

காரைக்குடி, செக்காலை ரோட்டுப் பக்கம்
வழக்கில் நின்றுபோன ஒரு வணிக வளாகம்.
மூன்று தளம், கதவு இல்லை,
கம்பிகள் வானத்தைப் பார்த்து.
காலை ஐந்தேகால்.

முதல் அரைமணி யாரும் தாவுவதில்லை.
பின்னாலிருக்கும் ஊரணிப் படியில்
நாலுகாலில் இறங்கி நாலுகாலில் ஏறுகிறோம்,
குரங்குக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது.
பிறகு உட்கார்ந்து எழுதல், குதிகால் உயர்த்தல்,
தொடை நடுங்கும்வரை.
பார்க்கூர் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பையன்கள்
"எப்பத்தான் தாவுவீங்க" என்று கேட்டுச் சலித்து
பால் வாங்கப் போய்விடுவார்கள்.

சத்தம் வராமல் இறங்கு என்பான் சிராஜுதீன்.
தரையில் கேட்கிற சத்தம் முழுக்க
முட்டி வாங்கிய கடன்.

உருள்வதற்கு ஒரு கோடு உண்டு:
இடது தோளில் தொடங்கி
முதுகைக் குறுக்கே கடந்து
வலது இடுப்பில் முடியும்.
பூணூல் கோடு.
(எங்கள் ஐந்து பேரில் ஒருவர் வீட்டிலும்
பூணூல் கிடையாது.)
தண்டுவடம் தரையில் படாதிருக்க
வேறு கோடு இல்லை. பழகிக்கொண்டோம்.

பெரிய வீடுகள் பக்கம் போவதில்லை.
ஒருமுறை போனோம், கானாடுகாத்தானில்.
கொல்லை மதில், செம்புராங்கல்,
விரலுக்குப் பிடி கொடுத்து
பதிலுக்குத் தோலை எடுத்துக்கொள்ளும்.
காவல்காரர் டார்ச் அடித்தார்.
எஸ்.ஐ. கேட்டார்: "எந்தத் தூணுக்கு விலை பேசிட்டு வந்தீங்க?"
"திருடன் ஒருதடவைதான் சார் ஏறுவான்.
நாங்க ஒரே செவத்த நாப்பது தடவை ஏறுறோம்"
என்றான் அடைக்கலராஜ்.
அதற்கு அவரிடம் செக்‌ஷன் இல்லை.

அந்த அடைக்கலராஜ்தான்
பிப்ரவரியில் இரண்டாம் தளத்திலிருந்து
மணல்மேட்டை நம்பிக் குதித்தவன்.
மேலே மணல். உள்ளே ஜல்லி.
யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்,
அதுவும் ஒரு காரணம்.
நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கே
ஆட்டோவில் தூக்கி வந்தார்கள்.
ஈய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு "அசையாதே" என்றேன்.
எனக்குத் தெரிந்து முதல்முறையாக
அவன் அசையவில்லை.
குதிகால் எலும்பு
டப்பா அடியில் கிடக்கும் சீப்புச்சீடை மாதிரி இருந்தது.
இப்போது லேத் பட்டறையில்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை.

என் முறை உயரத்தில் வரவில்லை.
இடுப்பளவுச் சுவர்.
முந்நூறு தடவை தாண்டிய சுவர்.
இரவு மழை பெய்ததும்
நான் டூட்டிக்கு மணி பார்த்ததும்
அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.
கை வழுக்கியது.
உள்ளங்கை முதலில் தரைக்குப் போனது.
கோடு மறந்துவிட்டது.

மெர்சி பட்டனை அழுத்தினாள்.
மணிக்கட்டின் எட்டுச் சின்ன எலும்பும்
பந்திக்கு உட்கார்ந்தவர்கள்போல் சாதுவாக.
விரிசல் இல்லை, கீறல் இல்லை.
டாக்டர் படத்தை அதிகம் பார்க்கவில்லை.
கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார்.
அடியில் ஒரு பள்ளம் விழுந்தது,
பொடி போடுகிறவர்கள் பொடி வைத்து உறிஞ்சுகிற குழி.
அங்கே அழுத்தினார்.
நான் சொன்ன வார்த்தை இங்கே வேண்டாம்.

"படகெலும்பு.
இன்னைக்குக் காட்டிக்காது.
ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா ஒத்துக்கும்."

ஆறு வருஷமாக
எத்தனை கைகளிடம் சொல்லியிருப்பேன்,
"படத்துல ஒண்ணுமில்லம்மா,
டாக்டரப் பாக்கணும்னுகூட இல்ல."
மார்க்கெட்டில் கூடையை
இடக்கைக்கு மாற்றிக்கொள்ளும் பெண்களை
இப்போதெல்லாம் நின்று பார்க்கிறேன்.

பதினாலாம் நாள் தெரிந்தது.
மயிரிழை.

கட்டோடு வளாகத்துக்குப் போகிறேன்.
கால் இரண்டும் சும்மாதானே இருக்கின்றன.
குதிகால் உயர்த்தல், அறுபது.
பிறகு அதே இடுப்பளவுச் சுவரில் உட்கார்ந்து
மற்றவர்கள் இறங்குவதைக் கண்மூடிக் கேட்கிறேன்.
சிராஜுதீன், சத்தமே இல்லை.
அடுத்து ஒரு புதுப்பையன்,
பெயர் இன்னும் தெரியாது.
தொப்.
வலது குதிகால்தான் முதலில் படுகிறது.