காற்று நிறுத்தம்

வியாழக்கிழமைக்குள் ஐந்நூறு சொல்.
தலைப்பு: நான் செய்த ஒரு வேலை.
பிழைப்பைச் சொல்கிறீர்களா, இல்லை
"என்ன வேலை பண்ணி வைத்திருக்கிறாய்" என்போமே,
அந்த வேலையா? கேட்டேன்.
உங்கள் இஷ்டம் என்றார் உக்னே டீச்சர்.
என்னைவிடப் பதினாறு வயது சின்னவர்.
முதல் வரைவு நன்றாக இருக்க வேண்டாம்,
இருந்தால் போதும் என்றும் சொன்னார்.
இருப்பதுதானே கஷ்டம் என்று
கடைசி வரிசையில் யாரோ முனகினார்கள்.
நான்தான்.

க்ளைபெடா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் என் கூண்டு.
காற்று இருபதைத் தாண்டினால்
கிரேனைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
இன்று இருபத்துமூன்று. லிஃப்டும் ஓடாது.
எழுத இதைவிட நல்ல சிறை கிடைக்காது.
மகளின் பேனா, தலையில் ஒரு ரப்பர் முள்ளெலி.

துறைமுகம் மிகவும் பெரியது.
அடித்தேன்.
துறைமுகம் பெரியது.
அடித்தேன்.
துறைமுகம்.
இதில் பொய் ஒன்றும் இல்லை. விட்டுவைத்தேன்.

முப்பது டன் பெட்டியை
விரலகலம் பிசகாமல் லாரி முதுகில் இறக்கும் கை
ஓர் "ஆகையால்" எங்கே உட்காரும் என்று தெரியாமல்
அந்தரத்தில் ஆடுகிறது.

ஃபிளாஸ்கில் காபி ஆறியது.
காயல் வெள்ளையாய்க் கொதித்தது.
மணல்திட்டுக்குப் போகிற படகையும் நிறுத்திவிட்டார்கள்.
இதையெல்லாம் எழுதினேன்.
நூற்றுப்பத்துச் சொல். கொஞ்சம் பெருமை.
மறுபடி எண்ணினேன்.
நூற்றுநான்கு.

பிறகு, கூப்பிடாமலே ஒரு வரி இறங்கியது:
கின்டவுதாஸின் கை நசுங்கிய அன்று
ரேடியோவில் அவன் "நில்" என்றது
எனக்குக் கேட்டது.

விசாரணையில்
கேட்கவில்லை என்று சொல்லியிருந்தேன்.
அன்றும் காற்று. எல்லாரும் நம்பினார்கள்.
கின்டவுதாஸும் நம்பினான்.
வருஷம் தவறாமல்
பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறான்,
இடக்கையால் தட்டி,
எழுத்துப் பிழைகளோடு.

அடித்தேன்.
மேலே ஒரு கோடு. அதன் மேல் இன்னொன்று.
அழுத்திய அழுத்தில்
தாளின் மறுபக்கம் அந்த வரி
தடித்துப் புடைத்துவிட்டது.
தடவினால் படிக்கலாம்.

நான்கு மணிக்குக் காற்று பதினாறு.
கீழிருந்து ரேடியோ:
வைடோட்டாஸ், இருக்கிறாயா?
கேட்கிறது என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.

வியாழன் மாலை
மற்றவர்கள் அச்சடித்த தாள் கொடுத்தார்கள்.
மீன் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் எக்லே
ஊதா நிறக் கோப்பில் போட்டே கொடுத்தாள்.
நான் என் கசங்கலை
மறுபக்கம் மேலே தெரியும்படி வைத்தேன்.

டீச்சர் திருப்பிப் போட்டார்.
துறைமுகம்.
முதல் வரி நன்றாக இருக்கிறது என்றார்.
மீதியை வீட்டில் படிக்கிறேன் என்று
பையில் வைத்துக்கொண்டார்.