இருபத்திமூணாவது கம்பம்

கோபாலபுரத்தில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும்.
கேரளத்துக்கு நடக்கிறவளை
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
திரும்பும்போது அதே கை முதுகில்.

தினம் அரைமணி என்று டாக்டர் சொன்னார்.
எனக்குக் கரண்டுக் கம்பக் கணக்குத்தான் சரிப்படும்.
மாசியில் முழங்கால்
நாலாவது கம்பத்திலேயே மடங்க மறுத்தது.
ரோட்டோரம் நின்று
தேங்காய் லாரிகளை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தேன்.
"ஆருக்காக நிக்கறீங்க?" என்றான் பஞ்சர்க்கடைப் பையன்.
"காலுக்காக."

பங்குனியில் ஒன்பது கம்பம்.
சித்திரையில் வெயில் தின்றதுபோக ஏழு.

திருப்பூரிலிருந்து மகன்
அடி எண்ணும் கடிகாரம் அனுப்பினான்.
ராத்திரி எட்டு மணிக்குப் போனில்
முகத்தைக் காட்டிவிட்டு
மணிக்கட்டையும் காட்ட வேண்டும்.
முப்பது வருஷம் ரேஷன் கடையில்
ஊருக்கு எடை போட்டவள் நான்.
எடை குறைகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள்
இப்போது எங்கிருந்தோ சிரித்திருப்பார்கள்.

முழங்கால் வீங்கிய ஒருநாள்
கடிகாரத்தை வெள்ளாட்டின் கழுத்தில் கட்டிவிட்டேன்.
பதினோராயிரத்து நானூறு!
"அம்மா, கலக்கிட்ட" என்று கைதட்டினான்.
கொட்டிலில் அது
அசைபோட்டபடி என்னையே பார்த்தது.
அந்தப் பார்வைக்காகவே மறுவாரம்
இரண்டு கம்பம் கூடப் போனேன்.

இருபத்திமூணாவது கம்பத்தில்
பழைய செக்போஸ்ட்டின் இரும்புக் கட்டை கிடக்கிறது,
வரி வாங்கிய காலத்தில் லாரிகளை நிறுத்தியது.
இன்று அது நிறுத்துவது எங்கள் இருவரைத்தான்.
அந்தப் பக்கத்திலிருந்து நபீசா வருவாள்,
இடுப்பில் ஒரு துண்டு எஃகோடு.
வரும்போது காற்று அவளுக்கு எதிர் இல்லை;
போகும்போதுதான் திட்டிக்கொண்டே போவாள்.

கட்டையைப் பிடித்துக்கொண்டு
குதிகால் தூக்கி, இறக்கி, தூக்கி
பத்து எண்ண வேண்டும்.
அவள் மலையாளத்தில், நான் தமிழில்.
ஒண்ணு சேர்ந்தே வரும்.
அவளுடையது ரண்டு, என்னுடையது ரெண்டு;
அங்கே மட்டும் சின்னதாய் ஒரு எல்லை.
நாலுக்குப் பிறகு
யார் எந்த மாநிலம் என்று காக்காய்க்கும் தெரியாது.
ஏழில் யாராவது ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிடும்,
மறுபடி முதலிலிருந்து.

இன்று திரும்புகையில் காற்று பலமாகத் தள்ளியது.
சேலைத் தலைப்பு எனக்கு முன்னால்
வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
பதினாறாவது கம்பத்திலிருந்து பதினைந்தாவதுக்கு
ஓடினேனோ என்று ஒரு சந்தேகம்.
பஞ்சர்க்கடைப் பையன் டயரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.
மகனிடம் சொன்னால் ஆதாரம் கேட்பான்.
கடிகாரமோ
ஆட்டின் கழுத்தில் இருந்தது.