ஜீரோ கேட் வரிசையில்

மேலட்டை இல்லை. கடைசி முப்பது பக்கமும் இல்லை.
மூலக்கொத்தளத்தில் எடைக்குப் போட வைத்திருந்ததை
இருபது ரூபாய்க்கு வாங்கினேன்.
எர்ணாவூரிலிருந்து துறைமுகம் வரை
டிரெய்லர் ஊரும் பதினான்கு மணி நேரத்துக்கு
அது போதும்.

அவர்கள் சொன்னதில் பாதி விளங்கவில்லை.
பட்ட கடன் விளங்கியது, இருமல் விளங்கியது,
வீட்டைக் காலி பண்ணச் சொன்னவன் குரல்
நன்றாகவே விளங்கியது.

கண்ணாடிச் சில்லு தேய்த்து வயிறு கழுவிய ஒருவர்.
சொந்த ஜனமே சபித்துத் தள்ளிவைத்தது.
கடவுளும் இயற்கையும் ஒன்றே என்றாராம்,
அதைத் தாண்டி வந்துவிட்டேன்.
தூள் நெஞ்சில் படிந்து நாற்பத்துநாலில் போனார்
என்ற வரியில்
ஜன்னலை ஏற்றினேன்.
வைப்பர் மேல் எண்ணூர்ச் சாம்பல்.

இன்னொருவர் மாலை நடைக்குக் கிளம்பினால்
ஊரே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுமாம்.
செரியன் நகரில் தண்ணீர் லாரியை நம்பிக்
கடிகாரம் வைத்தால்
செவ்வாய்க்கிழமையே வராது.

ஜாடிக்குள் குடியிருந்தவரைச் சொன்னபோது
கிளீனர் தேசப்பனுக்கு வியப்பே இல்லை.
கால்வாய் ஓரம் சிமெண்ட் குழாய்க்குள்
ஒரு குடும்பத்தை அவனுக்குத் தெரியும்.
ரேஷன் கார்டுகூட இருக்கிறதாம்.

குளிருக்குக் கணப்பு அறைக்குள் அடைந்த பட்டாளத்துக்காரர்
எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்.
மே மாதக் கேபினும் கணப்புதான். நானும் முயன்றேன்:
முன்னால் நிற்கும் லாரி உண்மையில் இருக்கிறதா?
ஹாரன் அடித்தேன்.
இருந்தது. அம்மாவை இழுத்துத் திட்டியது.

விஷம் குடித்தவர், கால் மரத்துக்கொண்டே வர,
ஒரு சேவல் பாக்கி, மறக்காமல் கொடுத்துவிடு என்றார்.
அங்கே புத்தகத்தை மூடி
ஃபைனான்ஸ்காரனுக்கு போன் போட்டேன்.
எடுக்கவில்லை.
நானாகக் கூப்பிடுவேன் என்று
அவன் நினைத்திருக்கவே மாட்டான்.

கடைசியாக ஒரு மீசைக்காரர்.
எவனோ வண்டிக்காரன் குதிரையை அடிக்க
ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்,
அப்புறம்
கிழிசல்.

தேசப்பன் என்னைவிட ஏழு வயது மூத்தவன்.
காசிமேட்டில் ஐஸ் வண்டி இழுத்த தோள்
இன்னும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.
பீடியை அணைத்தான்.
"சரி, அந்தக் குதிர இன்னா ஆச்சி?"

புத்தகம் அவரைப் பற்றித்தானே என்றேன்.

"அத்த யாரும் எழ்தலியா?"

கிழிந்த பக்கத்தில் இருக்கும் என்றேன்.
இருக்காது. எனக்குத் தெரியும், அவனுக்கும்.

வரிசை நகர்ந்தது,
இரண்டு கண்டெய்னர் நீளம்.
கியரை மெதுவாகத்தான் போட்டேன்.